சித்திரபுத்திரன் கணக்கு

எமலோகத்தைப் பற்றி எங்கள் ஊரில் மிக விவரமாகத் தெரிந்தவர் என் அம்மாவைப் பெற்ற அமுச்சிதான். திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவே, மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமுமாகக் கிடந்த ஊர் அது. அன்றைக்கு எல்லாமே சேலம் மாவட்டம்; நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். அமுச்சி வடக்கே சேலத்தையும் மேற்கே கொடுமுடியையும் தாண்டிப் போனதில்லை. ஆனால் எமபட்டணம் போகிற வழியில் எங்கே முள்ளுக்காடு, எங்கே கொதிமணல், எங்கே ஒதுங்க நிழல் என்று பஸ் ரூட் சொல்வதுபோலச் சொல்வாள்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் வைதரணி ஆறு. சீழும் ரத்தமுமாக ஓடும். உயிரோடு இருக்கும்போது பசுவைத் தானம் கொடுத்தவருக்கு அந்தப் பசுவே கரையில் வந்து காத்திருக்குமாம். வாலைப் பிடித்துக்கொண்டால் அக்கரைக்கு இழுத்துப் போய்விடும். கொடுக்காதவர் கரையிலேயே நின்று அழ வேண்டியதுதான். கட்டுத்தறியில் எங்கள் எருமை வாலைச் சுழற்றி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "எருமை வாலப் புடிச்சாப் போவாதுங்களா அமுச்சி?" என்று கேட்டேன். "எருமை எமனோட வண்டி சாமி. அது உன்ன நேரா அவங்கிட்டயே கொண்டுபோயி உட்டுரும்" என்றாள். அன்று முதல் எருமையின் பின்பக்கம் நான் போவதில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று அமுச்சிக்கு விரதம். உப்பில்லாத சோறு. பசும்பாலும் மோரும் தொடமாட்டாள். எமனின் கணக்கன் சித்திரபுத்திரன் காமதேனுவின் வயிற்றில் பிறந்தவனாம், அவன் தாய்ப்பாலை நாம் குடிக்கலாமா என்பாள். இரவு பிள்ளையார் கோயில் வாசலில் பெண்டு பிள்ளைகள் எல்லாம் கூடி உட்கார, பெரிய எழுத்துப் புத்தகத்தை லாந்தர் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா சித்திரபுத்திர நாயனார் கதையை ராகம் போட்டு வாசிப்பார். முழு நிலா இருந்தாலும் அவருக்கு லாந்தர் வேண்டும்.

அதில் அமராவதி என்று ஒரு சீமாட்டி வருவாள். அவள் செய்யாத தருமம் இல்லை. குளம் வெட்டினாள், சத்திரம் கட்டினாள். இந்த ஒரு நோன்பை மட்டும் நோற்கவில்லை. உயிர் போய் எமன் சபையில் நிற்கும்போது சித்திரபுத்திரன் ஏட்டைப் புரட்டுகிறான். அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. போய் நோற்றுவிட்டு வருகிறேன் என்கிறாள், விடுகிறார்கள். இங்கே வீட்டில் பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே எழுந்து உட்கார்கிறாள். நாங்கள் கேட்ட கதை அப்படித்தான் போகும். எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை நோன்புக்குச் சாமான் கேட்பது.

நான் அமுச்சி மடியில் கிடந்தபடி, "அங்க என்ன பாத்தன்னு யாருமே அவளக் கேக்கலீங்களா?" என்றேன். வாசித்துக்கொண்டிருந்த தாத்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் வைத்திருந்தவர் என் மாமன், அமுச்சியின் ஒரே மகன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கருப்புச் சட்டைக்காரர். 1971 ஜனவரியில் பெரியார் சேலத்தில் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுக்கும் ஊர்வலத்துக்கும் சைக்கிளிலேயே போய் வந்தவர். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் சேலத்தில்தான், 1944 ஆகஸ்ட் 27-இல் என்பதைத் தன் வீட்டு விசேஷம்போலத் தேதியோடு சொல்வார். அமாவாசைக்கு அமுச்சி காக்காய்க்குச் சோறு வைக்கும்போது அவர் திண்ணையில் 'விடுதலை' படித்துக்கொண்டிருப்பார். "இங்க வெச்சா மேலோகத்துக்குப் போயிருதா? அப்ப எனக்கு மத்தியானச் சோத்த ஆபீசுக்குத் தூக்கியார வேண்டாம். இங்கயே காக்காய்க்கு வெச்சிரு, எனக்கு அங்க வயிறு நெறைஞ்சிரும்." அமுச்சி அசரமாட்டாள். "நீ செத்தா அப்பறம் வெக்கறேன். உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குடா காக்கா?" என்பாள்.

எங்கள் ஊரில் சுடுகாடு இரண்டு. ஊருக்கொன்று, சேரிக்கொன்று. டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் இருந்த காலம். "மேலோகத்துக்கு வாசல் ஒண்ணா ரெண்டாம்மா? அதயும் சொல்லு" என்று மாமன் ஒருநாள் வம்புக்கு இழுத்தார். அமுச்சி சுளகில் கல் பொறுக்குவதை நிறுத்தி, கொஞ்ச நேரம் யோசித்தாள். "அங்க ஒரே கணக்குத்தான். ரெண்டு ஏடு போட்டது நாமதான்" என்றாள். மாமனுக்கு அதற்கு மேல் பேச்சு எழவில்லை. அவர் கூட்டங்களில் கேட்ட பேச்சுகளில் பாதிக்கு இது சமானம் என்று இப்போதும் நான் நினைக்கிறேன்.

மாமன் அடிக்கடி சொன்ன கதை ராஜாஜியின் சாவு. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். எங்களுக்குப் பக்கத்திலேயே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்தவர். ஈரோட்டில் பெரியாரும் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் உண்டானது இருவருக்குமான சிநேகம். பின்னாளில் அரசியலில் எதிரும் புதிரும்தான். ஒருவர் கீதையையும் உபநிடதத்தையும் பற்றி எழுதினார், மற்றவர் ஆத்மா என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ஊர் ஊராகப் பேசினார். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி இறந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்த பெரியார் அழுதார். ஒரு வருடம் முடிவதற்கு ஒருநாள் இருக்கும்போது, 1973 டிசம்பர் 24-இல், அவரும் போய்விட்டார்.

"ஆத்மாவே இல்லீன்னு சொன்னவரு எதுக்குங் மாமா அழுதாரு?" என்று கேட்டேன்.

"மேல போயிப் பாத்துக்கலாம்னு நம்பறவன் எதுக்கு அழுவோணும்? இனிமேட்டு பாக்கவே முடியாதுன்னு தெரிஞ்சவந்தான் அழுவான்."

அது எனக்குப் புரிந்தது. புரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை. அமுச்சியின் கொதிமணலும் எண்ணெய்க் கொப்பரையும் பயமுறுத்தின. மாமனின் 'ஒன்றுமில்லை' அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த வருடமோ அடுத்த வருடமோ எங்கள் ஊரில் அண்ணமார்சாமி கதை வைத்தார்கள். பொன்னர் சங்கர் என்று புத்தகத்திலும் சினிமாவிலும் வந்த அதே கதைதான். எங்களுக்கு அவர்கள் சாமி. வெள்ளாமை முடிந்து காடு காய்ந்து கிடந்த நாட்கள். பொழுதோட சோறு தின்றுவிட்டு ஊரே பாயும் போர்வையுமாக வந்துவிடும். கதைக்காரர் உடுக்கையைத் தோளுக்கு மேலே தூக்கி அடித்துப் பாடுவார். பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். குன்றுடையான் வாழ்ந்ததும் தாமரை நாச்சி தவமிருந்து பிள்ளை பெற்றதும் பல இரவுகள் ஓடும். பிறக்கும்போதே அந்தப் பிள்ளைகளுக்குப் பதினாறு வயசுதான் என்று சிவன் எழுதிவிடுகிறார். ஊரில் எல்லாருக்கும் முடிவு தெரியும். தெரிந்தே ஒவ்வொரு இரவும் வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசி நாள் படுகளம். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசியில் பெரிதாக நடக்கும், ஆயிரக்கணக்கில் சனம் போகும். எங்கள் ஊரில் நடந்தது சின்னது. கோயிலுக்கு முன்னால் மண்ணை நனைத்துச் சமன் செய்திருந்தார்கள். சங்கர் வாளின்மேல் பாய்ந்து விழுகிற இடத்தைக் கதைக்காரர் பாடும்போது மோளம் திடீரென்று வேறு கதிக்கு மாறியது. கூட்டத்தில் நின்றவர்களில் ஓர் ஆள் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். யாரும் பிடிக்கவில்லை. அப்புறம் இன்னொருவர். அடுத்து எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து அண்ணன். லாரியில் கிளீனராகப் பம்பாய்வரை போய் வருகிறவர், வந்தால் எனக்குப் பம்பரமும் கோலிக்குண்டும் கொடுப்பவர். கட்டை விழுகிற சத்தத்தோடு விழுந்தார். கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் மண் ஒட்டியிருந்தது. வரிசையாக இழுத்துப் போட்டு வெள்ளை வேட்டியால் மூடினார்கள். அவருடைய அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதது நடிப்பில்லை. வேட்டிக்கு வெளியே அவர் கால்விரல்கள் இரண்டு தெரிந்தன. பெருவிரல் நகத்தில் கிரீஸ் கறுப்பு. அது அசைகிறதா என்று நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை.

தங்கை தங்காள் அண்ணன்மாரைத் தேடிக் களத்துக்கு வருவதைக் கதைக்காரர் பாடினார். அந்த ஒப்பாரியில் பெண்கள் எல்லாம் தங்கள் தங்கள் சாவுகளைச் சேர்த்து அழுதார்கள். பெரியகாண்டியம்மனிடம் வரம் வாங்கி அவள் உயிர்த்தண்ணீர் தெளிக்கிறாள். இங்கே பூசாரி வேப்பிலையால் தீர்த்தத்தை விசிறினார். ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். கிளீனர் அண்ணன் முதலில் தன் வேட்டியைத்தான் தேடினார்.

மறுநாள் காலையில் கிணற்றுமேட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"ஏனுங்ணா, அங்க என்னங் பாத்தீங்க?"

"எங்கடா?"

"செத்துக் கெடந்தீங்களல்லோ, அப்ப."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு யோசித்துச் சொன்னார். "மோளச் சத்தம் காதுக்குள்ள வந்துது. அப்பறம் மூஞ்சில தண்ணி பட்டுது. நடுவால ஒண்ணுமே இல்லடா தம்பி. தூங்கினாலாவது கனா வருமல்ல, அதுவுமில்ல."

"பயமா இருந்துதுங்களா?"

"பயப்படறதுக்கு நா அங்க இருந்தாத்தானே?"

மறுமை உண்டா என்று இன்றும் யாராவது வாதம் தொடங்கினால் எனக்கு இந்தப் பேச்சுதான் நினைவு வருகிறது. போய் வந்தவர் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் சாட்சியை நான் நம்புகிறேன்.

பிற்பாடு ஒன்று கவனித்தேன். கதையில் எழுகிற பொன்னரும் சங்கரும் நிலைப்பதில்லை. தங்கையிடம் நாலு வார்த்தை பேசுகிறார்கள். எங்கள் நாள் முடிந்துவிட்டது, நீ வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய்விடுகிறார்கள். அமராவதி விட்டுப்போன நோன்பை முடிக்க வந்தாள். இவர்கள் விட்டுப்போன பேச்சை முடிக்க வந்தார்கள். எங்கள் பக்கத்துக் கதைகளில் செத்தவர்கள் யாரும் அங்கே பார்த்ததைச் சொல்ல வரவில்லை. வந்ததெல்லாம் இங்கே பாக்கி இருந்ததற்குத்தான். மேலோகத்தை விவரமாகச் சொன்னவர்கள் எல்லாம் போகாதவர்கள், என் அமுச்சியைப்போல.

நான் ஏழாவது படிக்கும்போது அமுச்சி போனாள். மாமன் என்ன செய்வார் என்று ஒறம்பரை முழுக்க ஒரே பேச்சு. மாமன் ஒன்றும் பேசவில்லை. மொட்டை அடித்துக்கொண்டார், ஈர வேட்டியோடு கொள்ளிக்குடம் தூக்கினார், மூன்று சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போடுகிறவரைக்கும் தலை குனிந்து நடந்தார், திரும்பிப் பார்க்காமல் தீ வைத்தார். கட்சித் தோழர் ஒருவர் மெல்ல ஏதோ கேட்டபோது, "செத்தது எங்கம்மா, நானில்ல. அவுங்க நெனச்ச மாதிரிதான் அவுங்களுக்கு நடக்கோணும்" என்றார். பேரப்பிள்ளைகள் நாங்கள் நெய்ப்பந்தம் பிடித்தோம். குச்சியில் துணியைச் சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திக் கையில் கொடுத்தார்கள். நெய் உருகி மணிக்கட்டில் சொட்டியது. சுட்டது, விடக் கூடாது என்றார்கள். போகிற வழி இருட்டாக இருக்கும், பேரன் பிடிக்கிற வெளிச்சத்தில்தான் அமுச்சி நடக்க வேண்டும் என்று ஒரு பாட்டி சொன்னாள். அப்படியானால் பகலில் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. வைதரணிக்குப் பசுவும் கொடுத்தாயிற்று, தேங்காயும் தட்சிணையுமாக.

அஸ்தி கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போனோம். காவிரியும் பவானியும் சேருமிடம்; கண்ணுக்குத் தெரியாத அமுதநதியும் அங்கே சேருவதாக ஐதீகம். படித்துறையில் உட்கார வைத்து, புரோகிதர் மாமனிடம் பெயர்களைக் கேட்டார். தாயார் பெயர் சொன்னார். தாயாரின் மாமியார் பெயர் சொன்னார். "அவங்க மாமியார்?" மாமன் திரும்பிப் பார்த்தார். கூட வந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சின்னக்காளா, பெரியக்காளா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. அவள் எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பது தெரிந்தது, எவ்வளவு பூமி சீதனம் என்பதும் தெரிந்தது. பெயர் தெரியவில்லை. புரோகிதர் பழகியவர், முகம் சுளிக்காமல், "தெரியலேன்னா காவேரின்னு சொல்லுங்கோ. எல்லாரும் கடைசில அவதானே" என்றார். மாமன் 'காவேரி' என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். சாஸ்திரத்திலும் பெயர் சொல்லித் தண்ணீர் விடுவது மூன்று தலைமுறைக்குத்தான். அதற்கு அப்பால் பெயரில்லாத கூட்டம். எங்கள் வீட்டில் மூன்றுக்கே எட்டவில்லை.

திரும்பி வரும்போது மாமன் பஸ்ஸில் வாய் திறக்கவில்லை. கணக்கெழுதுகிறவருக்கு ஒரு பேரேட்டில் பெயர் விட்டுப்போவது பொறுக்காது என்று நினைக்கிறேன். கருமாதி முடிந்த கையோடு சங்கத்திலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மோகனூர், கபிலர்மலை, எடப்பாடி என்று உறவுள்ள ஊர்களுக்கெல்லாம் போனார். கண் தெரியாத கிழவிகள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் மாமியார் பெயர் என்ன, அவங்க மாமியார் பெயர் என்ன என்று கேட்டு எழுதினார். ஆண்கள் பெயர் சுலபமாகக் கிடைத்தது. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் அது சுற்றிச் சுற்றி வரும். பெண்கள்தான் தொலைந்திருந்தார்கள். இன்னாரின் பெண்டாட்டி, இன்ன ஊர்க்காரி, அவ்வளவுதான். காவேரி என்று தண்ணீர் வாங்கியவளின் பெயர் ராக்காயி என்று எடப்பாடியில் ஒரு பாட்டி சொன்னாளாம். அன்றைக்கு மாமன் ராத்திரியில் வந்து என் அம்மாவை எழுப்பிச் சொன்னார்.

"செத்தவங்கதான் இல்லீன்னு சொல்றீங்களே, அப்பறம் எதுக்குங் மாமா பேரு?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"மேல இருக்காங்களோ இல்லியோ, இங்க இருந்தாங்களல்லோ. அது கணக்குல வரோணும்."

பெரியவனான பிறகு கொடுமணல் பற்றிப் படித்தேன். எங்களுக்கு மேற்கே, காவிரியைத் தாண்டி நொய்யல் கரையில் இருக்கிற ஊர். 1985 முதல் பலமுறை அகழ்ந்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லறைகளில் செத்தவரோடு பானைகளையும் இரும்புக் கருவிகளையும் சூதுபவள மணிகளையும் வைத்திருக்கிறார்கள். கல்லறைப் பலகைக் கல்லில் வட்டமாக ஒரு துளை. போனவர் திரும்பி வருவதற்கா, இருப்பவர் உள்ளே ஏதாவது கொடுப்பதற்கா, அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அமுச்சியைக் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாள். எனக்கு அதைவிட, அந்த ஊர் மண்ணில் கிடைத்த பானை ஓடுகள்தான் பிடித்தன. தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறியிருக்கின்றன. கண்ணன் ஆதன் என்று ஒருவர். அவர் எந்த லோகத்துக்குப் போனாரோ, பெயர் கொடுமணலில்தான் இருக்கிறது.

மாமன் போனபோது சடங்கு எதுவும் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார். அப்படியே செய்தோம். சங்கு இல்லை, வாய்க்கரிசி இல்லை. ஆனால் அமாவாசை தவறாமல் என் அம்மா ஓட்டுமேல் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது தம்பி பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறாள். அவர் விரும்பமாட்டாரே என்றேன். "அவன் நம்பாட்டிப் போவுட்டும். நா நம்பறனல்லோ" என்றாள். அமுச்சி அன்றே சொன்ன வாக்குத்தான், மகள் நிறைவேற்றுகிறாள்.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அமுச்சி வழியில் ஐந்து தலைமுறைவரை பெண்களின் பெயர் கிடைத்துவிட்டது. என் அப்பா வழியில் மூன்றோடு நிற்கிறது, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால், அவருடைய மாமியாரின் மாமியார் பெயரை இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் ராக்காயி மட்டுமே நூறு பேர் தேறுவார்கள்.